வாயிலும் வழியும் வாகையும்: கல்லூரி ஆசிரியர் குழுவின் முப்பணி

ஆண்டுதோறும் மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்தவுடன் நம் ஆயர்களில் பெரும்பாலோர் எழுத நேரும் கடிதம் ஒன்று உண்டு. இக்கடிதத்தைக் கொணரும் இளைஞர் எம் சபையைச் சேர்ந்தவர், நற்குணமுடையவர், ஏழைக் குடும்பத்தினர், இவருக்குத் தங்கள் கல்லூரியில் ஓர் இடம் அளித்து உதவ வேண்டும் என்பதே அதன் பொருளாக இருக்கும். கடிதம் கல்லூரி முதல்வரின் பெயருக்கு எழுதப்படும். ஆயின், முறையாக நடைபெறும் கல்லூரியில் அவ்விடத்தை அளிப்பவர் முதல்வர் ஒருவர் மட்டும் அல்லர். ஆசிரியர்கள் அடங்கிய ஒரு குழுவே அதனை முடிவு செய்கிறது. அக்குழு எவ்வாறு இயங்குகிறது, அதன் பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பனவற்றை நம்மில் பலர் ஆராய்ந்ததில்லை. ஆராய்வது இன்றியமையாதது. திருச்சபைக் கல்லூரிகளின் ஆட்சிக் குழுக்களில் ஆயர்கள் அமர்கின்றனர். சிலர் கல்லூரிகளில் ஆன்மீகப் பணியாளராக உள்ளனர். இன்று இறையியல் மாணவராக இருப்போர் நாளை அப்பொறுப்புகளை ஏற்பர்.

ஆசிரியர் குழு மேற்பார்வையிடும் பணிகளுள் மாணவரின் வாழ்வை நேரே தொடுவன மூன்று. முதலாவது, எவரை உள்ளே ஏற்பது என்னும் சேர்க்கைப் பணி. இரண்டாவது, ஏற்றபின் அவருக்குத் துணைநிற்கும் வழிகாட்டற் பணி. மூன்றாவது, பரிசு, பதக்கம், உதவித்தொகை ஆகியவற்றால் அவருக்குச் சிறப்புச் செய்யும் பணி. வாயில், வழி, வாகை என இவற்றைக் குறிக்கலாம். மேலைநாட்டுக் கல்லூரிகள் சிலவற்றில் இம்மூன்றும் ஒரே நிலைக்குழுவின் பொறுப்பில் விடப்பட்டுள்ளன. நம் நாட்டில் இவை தனித்தனி அறைகளில் நிகழ்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு வகுத்த நெறிமுறைகளிலும் சேர்க்கைக் குழு, தேர்வுக் குழு, மாணவர் நலக் குழு ஆகியவை வெவ்வேறாகவே குறிக்கப்பட்டுள்ளன. வேலையைப் பகிர்வதில் தவறில்லை. ஆயின் பகிர்ந்த வேலை பிரிந்த பொறுப்பாக மாறும்போது இழப்புக்கு உள்ளாகிறவர் மாணவரே. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு சாலையும் சில கல்லூரிகளும்

சென்னை ஆழ்வார்பேட்டையின் வடபுறமாகச் செல்லும் கதீட்ரல் சாலை, அங்கு நிற்கும் தூய ஜார்ஜ் பேராலயத்தால் பெயர் பெற்றது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பெற்றது அப்பேராலயத்திலேயே. அதே ஆண்டில் சாந்தோமில் 32 மாணவியருடன் கத்தோலிக்கக் கன்னியர் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி, 1960-இல் இச்சாலைக்கு இடம் மாறியது; 1987-இல் தன்னாட்சி பெற்றது. சற்றுத் தொலைவில் மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மிஷனின் விவேகானந்தா கல்லூரி 1946-இல் தோன்றியது. கடற்கரைச் சாலையில் இராணி மேரிக் கல்லூரி 1914-ஆம் ஆண்டு முதல் உள்ளது. 1915-இல் தொடங்கி மறு ஆண்டு நுங்கம்பாக்கத்திற்கு வந்த மகளிர் கிறித்தவக் கல்லூரி, தொடக்கத்தில் 41 மாணவியரையும் 7 ஆசிரியரையும் கொண்டிருந்தது.

41 மாணவியருக்கு 7 ஆசிரியர் என்னும் இக்கணக்கைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசிரியர் ஒருவருக்கு ஆறு மாணவியர் என்னும் நிலையில் குழு என்று தனியே ஒன்று தேவைப்படாது. சேர்த்துக்கொண்டவரே கற்பிப்பார், கற்பிப்பவரே மாணவியின் வாட்டத்தை முதலில் காண்பார், பரிசுக்கு உரியவர் எவர் என்பதையும் அவரே அறிவார். மாணவர் தொகை ஆயிரங்களாகப் பெருகியபின் இந்த அறிமுகம் தானாக அமைவதில்லை. சிறிய கல்லூரியில் இயல்பாக இருந்த உறவை, பெரிய கல்லூரியில் ஓர் ஒழுங்குமுறையால் காக்க முயல்வதே ஆசிரியர் குழு. இதனை மறந்தால் குழு என்பது விண்ணப்பங்களை வரிசைப்படுத்தும் அலுவலகமாகிவிடும்.

நம் கல்லூரிகளுக்கு இப்பொறுப்பு முழுமையாக வந்தது தன்னாட்சியோடு. 1964-66-இல் கோத்தாரிக் கல்விக் குழு தன்னாட்சிக் கல்லூரிகள் என்னும் கருத்தைப் பரிந்துரைத்தது. 1978-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, இலயோலாக் கல்லூரி முதலியன அந்நிலையைப் பெற்றன. அதற்கு முன்பு கல்லூரி மாணவரைச் சேர்த்தது, கற்பித்தது. அவரது தகுதியைத் தீர்மானித்த தேர்வையோ பல்கலைக்கழகம் நடத்தியது. தன்னாட்சிக்குப்பின் பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரால் வழங்கப்பட்டாலும், பாடத்திட்டம் வகுப்பதும் வினாத்தாள் அமைப்பதும் மதிப்பெண் இடுவதும் கல்லூரி ஆசிரியர்களின் கையில் உள்ளன. எனவே ஒரு மாணவர் சேர்ந்து, தளர்ந்து, இடையில் நின்றுவிட்டால், வெளியிலுள்ள பல்கலைக்கழகத்தைக் கைகாட்டித் தப்ப இயலாது.

1913-இல் ஒரு குழு

இம்மூன்று பணிகளும் ஒன்றுகூடிய நிகழ்ச்சி ஒன்று சென்னையிலேயே உண்டு. கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வரலாறு அனைவரும் அறிந்ததே. ஆயின் அதனை ஒரு மேதையின் கதையாகவே படித்திருக்கிறோம். ஆசிரியர் குழுவின் கதையாகவும் அதனைப் படிக்கலாம்.

1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் இராமானுஜன் சேர்க்கப்பட்டார். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. உதவித்தொகை பறிபோயிற்று. 1905-இல் வீட்டாருக்கு அறிவிக்காமல் விசாகப்பட்டினத்திற்குப் புறப்பட்டுச் சென்றார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, நோயுற்று, 1907-இல் எஃப்.ஏ. தேர்விலும் தோல்வியுற்றார். விதியின்படி பார்த்தால் இதில் எவரும் தவறிழைக்கவில்லை. உதவித்தொகை அளித்ததும் விதிப்படி, நிறுத்தியதும் விதிப்படி. வாயில் திறந்திருந்தது, வழியில் துணை போதவில்லை. பதினேழு வயது இளைஞர் ஒருவர் ஊரை விட்டே ஓடியதன் பொருள் என்ன என்று கேட்பது எந்தக் குழுவின் கடமையாகவும் இருக்கவில்லை.

1912-இல் அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர். 1913 பிப்ரவரி இறுதியில் வானிலை ஆய்வுத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது இராமானுஜனின் கணிதக் குறிப்புகளைக் கண்டு, பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். பரிந்துரைக் கடிதம் எழுதும் எவரும் அறியத்தக்க கடிதம் அது. தாம் நேரில் கண்டது இன்னது என்று அவர் சொன்னார். அக்கணிதப் பிரிவில் தமக்குத் தனித் தேர்ச்சி இல்லை என்பதை மறைக்கவில்லை. பிழைப்புக் கவலையின்றிச் சில ஆண்டுகள் இவர் கணிதத்தில் ஈடுபடப் பல்கலைக்கழகம் வழிசெய்வது தகும் என்று, வேண்டுவதையும் தெளிவாகக் குறிப்பிட்டார். குலம், குடும்பம், வறுமை என்பவற்றின்மேல் அக்கடிதம் நிற்கவில்லை.

மார்ச் 19 அன்று கணிதப் பாடத்திட்டக் குழு கூடி, மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கப் பரிந்துரைத்தது. இளங்கலைப் பட்டமும் பெறாத ஒருவருக்கு அத்தகைய தொகை வழங்க விதிகளில் இடமில்லை. அவ்விடத்தில் ஆட்சிப் பேரவை விதியைப் புறக்கணிக்கவும் இல்லை, விதியின் பின்னே ஒளிந்துகொள்ளவும் இல்லை. பல்கலைக்கழகத்தை நிறுவிய சட்டமும் 1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டமும் அளிக்கும் அதிகாரத்தைச் சுட்டி, ஆளுநர் அவையின் ஒப்புதலுக்கு உட்பட்டது எனப் பதிவு செய்து, ஏப்ரலில் அவருக்கு அத்தொகையை வழங்கியது.

அதனோடு ஒரு நிபந்தனையும் இணைந்தது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தம் ஆராய்ச்சியைப் பற்றி அவர் கணிதக் குழுவுக்கு அறிக்கை அளிக்க வேண்டும். 1913 ஆகஸ்டு, நவம்பர், 1914 மார்ச்சு ஆகிய மாதங்களில் மூன்று அறிக்கைகள் அளித்தார். இந்த நிபந்தனையே நம் பொருளுக்கு மையமானது. கும்பகோணத்தில் கிடைத்த உதவித்தொகை ஆண்டுத் தேர்வை மட்டும் நோக்கியது. சென்னையில் கிடைத்ததோ மூன்று திங்களுக்கு ஒருமுறை, இப்போது எங்கே நிற்கிறாய் என்று கேட்டது. 1914-இல் அவர் கேம்பிரிட்ஜ் செல்லப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளித்தபோது, அதிலிருந்து மாதம் 60 ரூபாய் அவருடைய தாய்க்குச் சேர ஏற்பாடாயிற்று. வீட்டை எண்ணிக் கலங்கும் மாணவரால் படிக்க இயலாது என்பதை உணர்ந்த ஏற்பாடு அது. 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. 1918-இல் அவர் இராயல் கழகத்தின் உறுப்பினரானார்.

எல்லாரும் இராமானுஜன் அல்லர் என்பது உண்மையே. மேதைக்காக வகுத்த விலக்கை அனைவருக்கும் விதியாக்க இயலாது. ஆயின் அக்குழு பின்பற்றிய ஒழுங்கு எல்லார்க்கும் பொருந்தும். தகுதியை அறிந்தவர் கூறக் கேட்டது, காரணத்தைப் பதிவு செய்தது, சட்டத்திற்குள் இடம் தேடியது, சேர்த்தபின் கண்காணித்தது. இந்நான்கும் எந்தக் கல்லூரிக்கும் இயலும்.

வாயில்: சேர்க்கை

சேர்க்கைக் குழு வெற்றிடத்தில் அமர்ந்து முடிவெடுப்பதில்லை. சென்னை மாகாணத்தில் இடங்களை வகுப்புவாரியாகப் பகிர்ந்த அரசாணை, தேர்வுக் குழுக்கள் ஒவ்வொரு 14 இடங்களையும் எவ்வாறு நிரப்ப வேண்டும் என வகுத்திருந்தது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்குமாக 1, இசுலாமியருக்கு 1. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்சநீதிமன்றம் இவ்வாணையைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் 15(4) என்னும் உட்பிரிவைச் சேர்த்து, பின்தங்கிய வகுப்பினருக்கு இடஒதுக்கீடு செய்ய வழி திறந்தது. இன்று தமிழ்நாட்டில் நடைமுறையிலுள்ள 69 விழுக்காட்டு ஒதுக்கீடு அவ்வழியே வந்தது.

சிறுபான்மையோர் நடத்தும் கல்லூரிகளுக்கு 30-ஆம் பிரிவு தனி உரிமை அளிக்கிறது. 1991-இல் தூய ஸ்தேவான் கல்லூரி வழக்கில், அரசு உதவி பெறும் சிறுபான்மைக் கல்லூரி 50 விழுக்காடு வரை தன் சமூகத்தாரைச் சேர்க்கலாம் என்று தீர்ப்பாயிற்று. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அடங்கிய அமர்வு, உதவி பெறும் நிறுவனம் பிற சமூகத்தாரையும் நியாயமான அளவில் ஏற்க வேண்டும் என்றும், விழுக்காட்டை இடத்திற்கேற்ப அரசு வரையறுக்கலாம் என்றும் கூறியது. நன்கொடை என்னும் பெயரில் கட்டாயத் தொகை பெறுவதைத் தமிழ்நாட்டுச் சட்டம் 1992 முதல் தடை செய்துள்ளது.

இவ்வுரிமையைப் பெற்றிருக்கும் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கப்படும். நம் சமூகத்தார்க்கெனக் காத்த இடங்களில் அமர்கிறவர் யார்? 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, தாழ்த்தப்பட்டோர் கிறித்தவராயின் பட்டியலினத்தார்க்குரிய உரிமையை இழக்கின்றனர். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். மூன்று தலைமுறையாகக் கல்லூரி கண்ட குடும்பத்துப் பிள்ளையும், சேரியிலிருந்து முதன்முறையாக மேல்நிலை முடித்த பிள்ளையும் ஒரே பட்டியலில் ஒரே மதிப்பெண் அளவையால் அளக்கப்படுகின்றனர். இச்சட்ட நிலையை மாற்றும் ஆற்றல் கல்லூரிக் குழுவுக்கு இல்லை. ஆயின் தன் உரிமைக்குட்பட்ட இடங்களில் எவருடைய மதிப்பெண்ணை எவ்வாறு படிப்பது என்பதை முன்கூட்டியே வகுத்து வெளியிடும் ஆற்றல் அதற்கு உண்டு. மின்விளக்கும் தனி வகுப்பும் உள்ள வீட்டிலிருந்து வந்த 85 மதிப்பெண்ணும், மாலையில் கூலி வேலைக்குச் சென்ற மாணவரின் 70 மதிப்பெண்ணும் வெவ்வேறு செய்திகளைக் கூறுகின்றன. தமிழ்நாடு அரசே 2020-இல் மருத்துவப் படிப்பிலும், 2021-இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு தனியே ஒதுக்கியது இவ்வுண்மையை ஏற்றதனால்தான்.

குழு எதற்காக என்னும் வினாவுக்கும் இங்கே விடை உண்டு. பரிந்துரை என்பது பெரும்பாலும் உறவு, நட்பு, பதவி ஆகியவற்றின் வழியாக வருகிறது. முதல்வர் ஒருவரே முடிவெடுப்பாராயின் மறுப்பதும் அவரே, பகையைச் சுமப்பதும் அவரே. குழு முடிவெடுக்கும்போது ஒருவர்மேல் சுமத்தப்படும் நெருக்கடி பலர்மேல் பரவி வலுவிழக்கிறது. ஆட்சிக் குழுவில் அமரும் ஆயர் தொலைபேசியில் முதல்வரை அழைத்து ஒரு பெயரைச் சொல்லும்போது, அவர் அறியாமலேயே அக்காப்பை உடைக்கிறார். அந்த ஒரு பெயருக்காகக் கீழே தள்ளப்படும் பெயருக்கும் ஒரு குடும்பம் உண்டு. அதற்காகத் தொலைபேசியில் அழைப்பார் எவரும் இல்லை.

வழி: வழிகாட்டல்

கதவைத் திறப்பது பாதிப் பணியே. மதிப்பெண் குறைந்திருந்தும் இரக்கத்தால் சேர்த்து, அதன்பின் கவனியாது விடுவது இரக்கமாகாது. முதற் பருவத்திலேயே ஆங்கில விரிவுரை விளங்காமல், வெட்கத்தால் வினவாமல், இரண்டு மூன்று தாள்களில் அரியர் வைத்து, ஈராண்டில் ஊர் திரும்பும் மாணவரை நாம் அறிவோம். ஊர் அவரைத் தோற்றவர் என்று குறிக்கும். கல்லூரிப் பதிவேட்டில் அவர் இடைநின்றவர். அவரைச் சேர்த்த குழுவோ அதற்குள் அடுத்த ஆண்டின் விண்ணப்பங்களில் மூழ்கியிருக்கும்.

நம் கல்லூரிகள் பலவற்றில் இருபது முப்பது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என வழிகாட்டிகள் குறிக்கப்பெறுகின்றனர். 1994-இல் அமைந்த தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவையும் வழிகாட்டிகளின் எண்ணிக்கையைக் கேட்கிறது. எண்ணிக்கை காட்டுவது எளிது. பதிவேட்டில் கையொப்பம் உள்ளது என்பதால் உரையாடல் நிகழ்ந்ததாகாது. குழுவின் மேற்பார்வை தேவைப்படுவது இவ்விடத்திலேயே.

எடுத்துக்காட்டாக வருகைப்பதிவைக் கொள்வோம். 75 விழுக்காடு குறைந்தால் தேர்வெழுதத் தடை என்பது விதி. அலுவலகம் அதனைப் பருவ இறுதியில் கணக்கிட்டுப் பட்டியல் ஒட்டுகிறது. அதே கணக்கை வழிகாட்டி ஆறாம் வாரத்தில் பார்ப்பாராயின், அது தண்டனைப் பட்டியலாக இராமல் நோய்க்குறியாக விளங்கும். திங்கட்கிழமைதோறும் வராத மாணவர் ஊரிலிருந்து திரும்பப் பேருந்துக் கட்டணம் இல்லாதவராக இருக்கலாம். முதல் வகுப்புக்கு வராதவர் அதிகாலையில் வேலை பார்ப்பவராக இருக்கலாம். அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்க்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அத்தொகை வங்கிக் கணக்கில் சேராதிருப்பதை ஒருவர் கேட்டறிந்தாலே ஒரு மாணவரின் படிப்பு நிலைபெறக்கூடும்.

உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் தற்கொலைகள் நிகழ்வதைக் கண்டு, 2025 மார்ச்சு மாதத்தில் உச்சநீதிமன்றம் மாணவர் மனநலம் பற்றி ஆராயத் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. இவ்வளவு பெரிய துயரத்திற்குக் கல்லூரிக் குழு ஒன்று மட்டும் மருந்தாகாது. மனநல மருத்துவரின் பணியை ஆசிரியர் ஏற்கவும் கூடாது. ஆயின் எவரிடம் அனுப்புவது, எப்பொழுது அனுப்புவது என்பதை அறிந்த ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு மாணவருக்கும் இருக்கிறார் என்பதை உறுதிசெய்வது குழுவின் கடமை. வழிகாட்டி காவலரும் அல்லர். பாவ அறிக்கை கேட்பவரும் அல்லர். மாணவர் மறைவாகக் கூறியதைக் குழுவில் விரிக்க வேண்டியதில்லை. உதவி தேவை என்பதை மட்டும் கூறினால் போதும். ஆயர் பணியில் மறைகாக்கும் கடமையை உணர்ந்த நாம், கல்லூரிக் குழுக்களில் இவ்வேறுபாட்டை எடுத்துரைக்கத் தகுதியுடையோம்.

வாகை: சிறப்புச் செய்தல்

‘ஆனர்ஸ்’ என்பது ஒரு காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தனியொரு பட்டப் படிப்பின் பெயராக வழங்கியது. இங்கே நாம் கருதுவது விரிந்த பொருளில், பரிசும் பதக்கமும் முதன்மையும் ஆகும். இவற்றை மதிப்பெண் வரிசையே தீர்மானிக்கும், குழு எதற்கு என்று சிலர் வினவுவர். வரிசைக்கும் எல்லை உண்டு. கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவர் நாடு முழுவதும் புகழப்பட்டார். அவ்வரிசைக்காகவே மாணவர்கள் பழக்கப்படுத்தப்பட்டனர். அத்தேர்வு முறையைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் இராமானுஜனை ஆதரித்த ஹார்டியும் ஒருவர். 1909-க்குப்பின் அங்கே தரவரிசை வெளியிடுவது கைவிடப்பட்டது. வரிசையைத் தேடிக் கற்றவர் கணிதத்தைத் தேடிக் கற்றாரா என்னும் ஐயமே அதற்குக் காரணம்.

சென்னையிலும் ஒரு சான்று உண்டு. கதீட்ரல் சாலை கிழக்கே நீண்டு டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையாகிறது. முன்பு எட்வர்ட் எலியட்ஸ் சாலை எனப்பட்ட அதில்தான் இராதாகிருஷ்ணனின் கிரிஜா இல்லம் உள்ளது. அவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் மாணவர். உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த நூல்களைக் கொடுத்தமையால், செலவில்லாமல் படிக்கலாம் என்று தத்துவத்தை எடுத்தவர். மாணவர்க்குப் பாடத்தைத் தெரிவுசெய்ய வழிகாட்டுவார் இல்லாத காலத்தில் தற்செயலே அவருக்கு வழிகாட்டியது. அவர் எம்.ஏ. பட்டத்திற்கு எழுதிய ஆய்வுரை, வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்று மிஷனரிமார் கூறியதை மறுத்தது. அதனை மதிப்பிட்ட ஆசிரியர் ஆல்ஃபிரட் ஹாக் தாமே மிஷனரி. அவர் அதனை மனமாரப் பாராட்டிச் சான்று அளித்தார். 1908-இல் அவ்வாய்வுரை நூலாக வந்தது. தம் கொள்கையை மறுத்த மாணவரின் அறிவாற்றலுக்கு மகுடம் சூட்டுவதே சிறப்புச் செய்தலின் உரைகல். நமக்கு உடன்பட்டவரை மட்டும் பாராட்டும் கல்லூரி தன்னையே பாராட்டிக்கொள்கிறது.

மதிப்பெண்ணில் முதல்வராயினார்க்குப் பதக்கம் அளிப்பதோடு, தொடங்கிய இடத்திலிருந்து நெடுந்தூரம் வந்தவரையும் குழு காண வேண்டும். முதற் பருவத்தில் 42, இறுதிப் பருவத்தில் 68 என்று உயர்ந்த மாணவியை எந்தத் தரவரிசையும் காட்டாது. அவருடைய வழிகாட்டியே காட்ட இயலும். வாகையும் வழியும் ஒரே குழுவில் சந்திக்க வேண்டுவதன் காரணம் இதுவே.

குழு நடக்க வேண்டிய முறை

புதிய குழு ஒன்றை அமைப்பது எல்லாக் கல்லூரிக்கும் எளிதன்று. இருக்கும் குழுக்களைக் கொண்டே செய்யத்தக்கன சில:

1. சேர்க்கை, தேர்வு, மாணவர் நலம் ஆகிய மூன்று குழுக்களும் ஆண்டுக்கு இருமுறையேனும் ஒன்றாக அமர்தல் வேண்டும். சேர்க்கைக் குழுவினர் மூவரேனும் வழிகாட்டிகளாகவும் பணியாற்றுதல் நன்று.

2. சேர்க்கையின் அளவைகள் விண்ணப்பம் வழங்குமுன் எழுத்தில் வெளியிடப்படல் வேண்டும். விலக்களித்தால் அதன் காரணம் குறிப்பேட்டில் எழுதப்படல் வேண்டும்.

3. உறுப்பினரின் உறவினரோ அவர் சபையைச் சேர்ந்தவரோ விண்ணப்பித்திருந்தால், அவ்விண்ணப்பம் ஆயப்படும்போது அவர் எழுந்து வெளியே செல்லல் வேண்டும்.

4. விலக்களித்துச் சேர்த்த ஒவ்வொருவருக்கும் அன்றே வழிகாட்டி குறிக்கப்படல் வேண்டும். முதலாண்டில் மூன்று திங்களுக்கு ஒருமுறை அவர் நிலை குழுவுக்கு அறிவிக்கப்படல் வேண்டும்.

5. பரிசுக்குரியோரைத் தேர்ந்தெடுக்கையில் மதிப்பெண் பட்டியலோடு வழிகாட்டிகளின் கருத்தும் கேட்கப்படல் வேண்டும்.

6. மறுக்கப்பட்டவர் காரணம் கேட்கவும், மேல்முறையீடு செய்யவும் இடம் இருத்தல் வேண்டும்.

7. இடைநின்ற மாணவரின் பெயர்ப் பட்டியல் ஆண்டு இறுதியில் சேர்க்கைக் குழுவின் முன் படிக்கப்படல் வேண்டும்.

இறுதியாகக் கூறியதே கடினமானதும் பயனுள்ளதும் ஆகும். தான் தேர்ந்தெடுத்தவருள் எவர் எவர் காணாமற் போயினர் என்று கேட்கும் குழு, அடுத்த ஆண்டு வேறு விதமாகத் தேர்ந்தெடுக்கும். அன்றேல் வேறு விதமாகக் கவனித்துக்கொள்ளும்.

இறையியற் கல்லூரிகளின் நிலை

நம் இறையியற் கல்லூரிகள் சிறியன. 41 மாணவியருக்கு 7 ஆசிரியர் என்னும் பழைய கணக்கு இங்கே இன்னும் ஏறத்தாழ உண்மை. ஆயினும் பொறுப்பு இங்கும் பிரிந்தே கிடக்கிறது. மாணவரைத் தெரிந்து அனுப்புவது பேராயம், கற்பிப்பது கல்லூரி, 1818-இல் தோன்றி 1827-இல் டென்மார்க்கு மன்னரின் சாசனம் பெற்ற செராம்பூர்க் கல்லூரியின் செனட் பட்டம் அளிக்கிறது. பேராயம் அனுப்பிய ஒருவரைத் தகுதியற்றவர் என்று கூறக் கல்லூரி தயங்குகிறது. கல்லூரி தளர்ச்சி கண்ட ஒருவரைப் பேராயம் அறிவதே இல்லை. அழைப்பைப் பற்றிய ஐயம் மனத்தில் எழும்பும்போது அதனை ஆசிரியரிடம் சொன்னால் பேராயருக்குச் சென்றுவிடுமோ என்று மாணவர் அஞ்சி மௌனமாகிறார். மௌனத்தோடு அபிஷேகம் பெற்று, மௌனத்தோடு ஒரு சபைக்குச் செல்கிறார். அதன் விளைவைச் சபையார் சுமக்கின்றனர்.

ஆகவே பேராயத்தின் தேர்வுக் குழுவில் ஆசிரியர் ஒருவரும், கல்லூரியின் வழிகாட்டற் குழுவில் பேராயத்தின் சார்பாளர் ஒருவரும் அமர்வது நலம். ஆயின் மாணவரின் அந்தரங்கம் எவ்வளவு பகிரப்படும் என்பதை மாணவரும் அறியுமாறு எழுதி வைத்தல் அதற்கு முன்னே வர வேண்டும்.

நாம் எழுதும் பரிந்துரைக் கடிதமும் இவ்வொழுங்கிற்கு உட்பட்டதே. கில்பர்ட் வாக்கர் செய்ததுபோல், நேரில் கண்டதை எழுதலாம். அறியாததை அறியேன் எனலாம். வேண்டுவது எது என்பதைத் தெளிவாகக் கூறலாம். அன்றியும் அவ்விளைஞர் சேர்ந்தால் அவருடைய விடுதிக் கட்டணத்தில் சபை ஏற்கும் பங்கு எவ்வளவு, விடுமுறையில் அவரைச் சந்தித்து விசாரிப்பவர் யார் என்பவற்றை இரு வரிகளில் சேர்க்கலாம். அவ்விரு வரிகளும் இருப்பின், கடிதம் வாயிலில் நின்றுவிடாமல் வழியிலும் உடன் செல்லும்.